மதிப்புரைக் குழு தொடங்கப் போகிறீர்களா? முதலில் ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்குங்கள்

போன மாதம் பண்ருட்டியிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து புத்தகம் படித்து மதிப்புரை எழுதி வாசகர்களுக்கும் ஊர் நூலகங்களுக்கும் கொடுக்கப்போகிறார்களாம். பெயர் வைத்தாகிவிட்டது, லோகோவும் ரெடி, அடுத்து என்ன செய்யணும் அண்ணா என்றார். லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்கியாச்சா என்று கேட்டேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

அவருக்கு அரை மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து. கடலூரில் ஆறு வருடமாக நாங்கள் ஒன்பது பேர் இந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்துவருகிறோம். மாதத்துக்குப் பத்துப் பன்னிரண்டு புத்தகம், நான்கு கிளை நூலகம், வாட்ஸ்அப்பில் கேட்கிற வாசகர்கள் கொஞ்சம் பேர், அவ்வளவுதான் எங்கள் சாம்ராஜ்யம். நான் பகலில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவன், நோட்டின்மேல் பிரியம் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் இந்த மாதிரிக் குழு இரண்டு என் கண்ணெதிரே மூடியிருக்கிறது, இரண்டுமே எந்தப் புத்தகம் யார் வீட்டில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் போய்த்தான் மூடியது.

யாருக்கு எழுதுகிறோம்

நூல் அறிமுகம், மதிப்புரை, விமர்சனம் மூன்றையும் நாம் ஒன்றாகப் போட்டுப் புழங்குகிறோம். இப்படி ஒரு புத்தகம் வந்திருக்கிறது, உள்ளே இன்னது இருக்கிறது என்று சொன்னால் அறிமுகம். அது எப்படி வந்திருக்கிறது, யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று சொன்னால் மதிப்புரை. விமர்சனம் என்பது அந்த எழுத்தோடும் அதன் மரபோடும் மல்லுக்கட்டுவது, அதற்குப் பத்துப் பக்கம் வேண்டும், படிக்கிறவரும் அந்தப் புத்தகத்தை ஏற்கெனவே படித்திருந்தால் நல்லது. நூலகத்துக்கு வேண்டியது மதிப்புரை.

முதல் வருடம் எங்களுக்கு இது தெரியவில்லை. தலா ஆயிரத்து இருநூறு வார்த்தைக்கு இரண்டு கட்டுரை எழுதி, ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்து, ஸ்டேப்ளர் அடித்து, பெருமையாகக் கிளை நூலகத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த நூலகர் அம்மா பொறுமையாக முதல் பக்கத்தைப் படித்தார், இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார், மடித்து மேஜையில் வைத்தார். “நல்லா எழுதியிருக்கீங்க சார். ஆனா இதை நான் தினமும் வர்ற அந்தப் பாட்டிக்குக் குடுக்கவா, டிஎன்பிஎஸ்சி படிக்கிற பையனுக்குக் குடுக்கவா? அது இதுல எங்க இருக்கு?” என்றார். இரண்டாயிரத்து நானூறு வார்த்தையில், அதாவது இரண்டு கட்டுரையிலும் சேர்த்து, அது எங்கேயும் இல்லை.

இன்றைக்கும் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கொடுக்கிறோம். ரேக் முன்னால் ஒருவர் நிற்கிறார், கையில் இரண்டு புத்தகம், பஸ்ஸுக்கு நேரமாகிறது, எதை எடுப்பது? அவருக்கு ஒரு நிமிடத்தில் பதில் சொல்வது நம் வேலை. சிதம்பரத்தைத் தாண்டிக் கொள்ளிடம் பாலம் கடந்தால் வருகிற சீர்காழியில் பிறந்தவர்தான் நூலக அறிவியலின் தந்தை எஸ். ஆர். ரங்கநாதன். அவர் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் வேண்டும் என்பது; நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. இந்த இரண்டையும் நான் நோட்டின் உள் அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். மற்ற மூன்றும் நூலகருக்கு.

நூலகத்துக்குப் போகும் முன்

நூலகம் எப்படி நடக்கிறது என்று தெரியாமல் போனால் நீங்களும் நூலகரும் ஒருவரையொருவர் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள். தமிழ்நாட்டில் 1948ஆம் வருடத்துப் பொது நூலகச் சட்டம்தான் அடிப்படை. நீங்கள் வீட்டுக்குக் கட்டுகிற சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகப் போகிறது, ரசீதை எடுத்துப் பாருங்கள், தனியாகப் போட்டிருக்கும். அந்தப் பணம் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு வருகிறது. அதன்கீழ் மாவட்ட மைய நூலகம், கிளை நூலகங்கள், ஊர்ப்புற நூலகங்கள், பகுதி நேர நூலகங்கள். புத்தகக் கொள்முதல் பெரும்பாலும் சென்னையில், பொது நூலகத் துறை வழியாக நடக்கும். கிளை நூலகருக்குத் தான் விரும்பிய புத்தகத்தை நாளைக்கே வாங்கிவைக்கிற அதிகாரம் கிடையாது.

இதிலிருந்து ஒரு விஷயம் உங்களுக்குப் புரிந்திருக்கும். புதுப் புத்தகத்துக்கு அற்புதமான மதிப்புரை எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தால், அந்தப் புத்தகம் அங்கே இருக்காது. வாசகர் கேட்பார், நூலகர் இல்லை என்பார், இரண்டு பேருக்கும் உங்கள்மேல் எரிச்சல் வரும். அதனால் முதல் இருபது மதிப்புரையை அந்த நூலகத்தின் ரேக்கில் ஏற்கெனவே இருக்கிற புத்தகங்களுக்கு எழுதுங்கள். இரண்டு வருடமாக ஒருவரும் எடுக்காமல் தூசி படிந்த புத்தகத்தில் நான்கைந்தாவது நன்றாக இருக்கும். கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதித் தாளைப் பார்த்தாலே எது தூங்குகிறது என்று தெரிந்துவிடும். நாங்கள் அப்படி ஒரு பழைய பயண நூலைக் கண்டுபிடித்து எழுதினோம். ஆறு மாதத்தில் அதன் தேதித் தாளில் ஏழு முத்திரை விழுந்தது. எனக்கு இந்த வேலையில் கிடைத்த பெரிய சம்பளம் அந்த ஏழு முத்திரைதான்.

புதுப் புத்தகத்துக்கு வழி இல்லாமல் இல்லை. வாசகர் பரிந்துரை எழுதும் பதிவேடு இருந்தால் அதில் எழுதச்சொல்லலாம், வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசலாம், மதிப்புரை முடிந்த பிரதியை அன்பளிப்பாகக் கொடுக்கலாம். அன்பளிப்பென்றால் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிடுவது அல்ல, தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், விலை போட்டுப் பட்டியலும் ஒரு கடிதமும் கொடுங்கள், நூலகர் சேர்க்கைப் பதிவேட்டில் ஏற்ற அது வேண்டும். அப்புறம், வெள்ளிக்கிழமை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வராதீர்கள், கிளை நூலகங்கள் பெரும்பாலும் அன்று விடுமுறை. காலையில் பேப்பர் படிக்க வருகிற கூட்டம் கலைந்த பிறகு போனால் நூலகர் உட்காரச்சொல்லிப் பேசுவார்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இது வேறு. கடலூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், ஆனால் அரசு வேறு, அலுவலகம் வேறு. அங்கே அரசு நூலகங்கள் கலை பண்பாட்டுத் துறையின்கீழ் வருகின்றன, நூலகத்தில் மதிப்புரை வைக்க அனுமதி கேட்கிற கடிதத்தையும் அங்கேதான் கொடுக்க வேண்டும். 1827இல் தொடங்கிய ரோமன் ரோலன் நூலகம் இருக்கிற ஊர், வாசிப்புப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எங்கள் குழுவில் இரண்டு பேர் அரியாங்குப்பத்துக்காரர்கள். அங்கே வயதானவர்கள் சிலர் பிரெஞ்சிலிருந்து வந்த மொழிபெயர்ப்பை மூலத்தோடு ஒப்பிட்டே கேள்வி கேட்பார்கள், அதனால் மொழிபெயர்ப்பு நூலென்றால் நேரடியாக வந்ததா ஆங்கிலம் வழியாக வந்ததா என்று கட்டாயம் எழுதுகிறோம். எந்த ஊராக இருந்தாலும் இதை எழுதுங்கள், மொழிபெயர்ப்பாளர் பெயரையும் எழுதுங்கள். அவர் பெயரை விட்டுவிடுவது நம் ஊரில் பெரிய கெட்ட பழக்கம்.

நோட்டு

சரி, நோட்டுக்கு வருகிறேன். கூகுள் ஷீட் வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை, நாங்களும் வைத்திருக்கிறோம். ஆனால் புத்தகம் கைமாறுகிற இடத்தில், அதாவது டீக்கடை வாசலிலோ பஸ் ஸ்டாண்டிலோ, எவனும் ஷீட் திறந்து எழுதமாட்டான். நோட்டில் கோடு போட்டுப் பத்துக் கட்டம்: வரிசை எண், தலைப்பு, எழுதியவர், பதிப்பகம், எங்கிருந்து வந்தது, வந்த தேதி, யார் எடுத்தது, கெடு, மதிப்புரை வந்த தேதி, புத்தகம் இப்போது எங்கே. கடைசிக் கட்டம் காலியாக இருக்கவே கூடாது. அதை மட்டும் பென்சிலில் எழுதுங்கள், மாறிக்கொண்டே இருக்கும்.

எடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். நண்பர்களுக்குள் என்ன கையெழுத்து என்று கூச்சமாக இருக்கும், முதல் நாளே ஆரம்பித்துவிட்டால் கூச்சம் இருக்காது, ஆறாவது மாதம் ஒரு புத்தகம் காணாமல் போன பிறகு ஆரம்பித்தால் அது அவரைச் சந்தேகப்படுவது மாதிரி ஆகிவிடும்.

கெடு மூன்று வாரம். இருநூறு பக்கத்துக்கு மேல் போனால் ஐந்து வாரம். முடியவில்லை என்றால் காரணம் கேட்காமல் திரும்ப வாங்கிக்கொள்கிறோம், இதுதான் முக்கியம். வீட்டில் கல்யாணம், ஆஸ்பத்திரி, பரீட்சை, எது வேண்டுமானாலும் இருக்கும். தன்னார்வலரிடம் போய் விசாரணை நடத்தினால் அவர் புத்தகத்தையும் தரமாட்டார், போனையும் எடுக்கமாட்டார். “படிச்சிட்டே இருக்கேண்ணா” என்று எட்டு மாதம் சொன்ன ஒருவர், முடியலைன்னா பரவாயில்ல, புத்தகத்தை மட்டும் குடுத்துடு என்று சொன்ன அன்றே கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே இருபத்திரண்டாம் பக்கத்தில் பஸ் டிக்கெட்.

புத்தகம் எங்கிருந்து வரும்

நூலக ரேக்கிலிருந்து எடுத்து எழுதிய இருபது மதிப்புரை கையில் இருந்தால், பதிப்பகங்களுக்கு எழுதத் தொடங்கலாம். அதற்கு முன்னால் எழுதாதீர்கள். தமிழில் பெரும்பாலான பதிப்பகங்கள் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து நடத்துகிற சின்ன இடங்கள், ஒரு தலைப்பில் அச்சடிப்பதே சில நூறு பிரதிதான், அதில் ஒன்றை முகம் தெரியாத உங்களுக்கு அனுப்ப அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டும். கடிதத்தில் நாங்கள் யார், எத்தனை பேர், எந்தெந்த நூலகத்தில் மதிப்புரை வைக்கிறோம், இந்தத் தலைப்பை ஏன் கேட்கிறோம், எத்தனை நாளில் எழுதுவோம், எழுதியபின் பிரதி எந்த நூலகத்துக்குப் போகும் என்று பத்து வரி. நான்கு மாதிரி மதிப்புரை இணையுங்கள், அதில் ஒன்றாவது குறை சொல்லும் மதிப்புரையாக இருக்கட்டும். பாராட்டு மட்டும் அனுப்பினால் விளம்பரத்துக்கு ஆள் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டு மூட்டை அனுப்புவார்கள்.

கடிதத்தைவிட நேரில் போவது நல்லது. எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இது கொடுப்பினை, நெய்வேலியில் என்எல்சி நிறுவனம் நடத்துகிற புத்தகக் கண்காட்சிக்குப் பதிப்பகக்காரர்கள் நேரிலேயே வருகிறார்கள். பெரும்பாலும் ஜூலையில் நடக்கும். சனி, ஞாயிறு மாலை போகாதீர்கள், கூட்டத்தில் அவர்களுக்குப் பில் போடவே நேரம் இருக்காது. வேலை நாளில் மதியம் மூன்று மணிக்குப் போனால் ஸ்டாலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பார், பேசலாம்.

எழுத்தாளர்கள் தாங்களாகவே அனுப்புவார்கள். தாங்களே அச்சடித்துக்கொண்டவர்கள் அதிகம், அவர்களை இளக்காரமாகப் பார்க்காதீர்கள், அதில் நல்லதும் வரும். ஆனால் வாங்கும்போதே மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள்: எழுதுவோம் என்று உறுதி தரமாட்டோம், எழுதினால் நல்லபடியாக எழுதுவோம் என்றும் உறுதி தரமாட்டோம், காசு வாங்கமாட்டோம். மூன்றாவதைச் சொன்னால் சிலர் “டீ செலவுக்காவது” என்பார்கள். வேண்டாம். மேடையில் பொன்னாடை போட்டுக்கொண்டீர்களென்றால் அந்தப் புத்தகத்தை நீங்கள் எழுதக்கூடாது, வேறொருவருக்குக் கொடுத்துவிடுங்கள். எங்கள் ஊரில் எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் ஒருவருக்கொருவர் சித்தப்பா முறை, சம்பந்தி முறை. முழுக்கத் தெரியாதவரைத் தேடினால் ஆளே கிடைக்காது, தெரிந்தவரென்றால் மதிப்புரையின் கடைசி வரியில் ‘ஆசிரியர் எனக்குப் பழக்கம்’ என்று எழுதிவிடுவது போதும்.

பிடிஎஃப் வேண்டாம். செலவில்லாத வழி என்று நாங்களும் ஆரம்பத்தில் வாங்கினோம், எங்களில் ஒருவர் அதைத் தன் அத்தை மகளுக்கு அனுப்ப, அது எங்கெங்கோ சுற்றி இரண்டே வாரத்தில் முன்பின் தெரியாத ஒரு குரூப்பில் வந்து நின்றது. அனுப்பிய பதிப்பாளர் திட்டவில்லை, ‘பரவாயில்லை சார், இனிமேல் அனுப்பமாட்டேன்’ என்று மட்டும் செய்தி போட்டார். அந்த ஒரு வரியை மறக்க ரொம்ப நாளாயிற்று.

தபால் செலவுக்கு ஒரு தகவல். புத்தகம் அனுப்ப முன்பிருந்த சலுகைப் பதிவுத் தபால் 2024 டிசம்பரில் நின்றுபோனது. 2025 மே மாதம் அஞ்சல் துறை ஞான் போஸ்ட் என்று ஒன்றைக் கொண்டுவந்தது, 300 கிராம் வரை 20 ரூபாயில் தொடங்கி 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகப் போவதால் கொஞ்சம் நாள் பிடிக்கும். புத்தகத்தில் அச்சகம் அல்லது பதிப்பகத்தின் பெயர் இருக்க வேண்டும், பத்திரிகைகள் இதில் போகாது. பார்சலைக் கட்டும்போது உள்ளே கடிதம் வைக்காமல் தனியாக அனுப்புங்கள், கவுண்டரில் பிரித்துப் பார்த்தால் சண்டை வேண்டாம்.

எழுதுவது

அளவு நூற்றைம்பது முதல் இருநூறு வார்த்தை. நூலகத்துக்குப் போவது அதிலும் பாதி, ஒரு அட்டையில் அடங்க வேண்டும். நாங்கள் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டிப் பின்பக்கத்தில் எழுதுகிறோம். தடிமனாக இருக்கும், செலவில்லை, திருப்பினால் மணமகன் பெயர் பாதி தெரியும், அதுவும் ஒரு அழகுதான். புத்தகத்தில் எதையும் ஒட்டக்கூடாது, நூலகத்தின் சொத்து அது. அட்டையைப் புத்தகத்துக்குள் சொருகி மேல் ஓரம் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி வைக்க நூலகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னென்ன இருக்க வேண்டும் என்று அச்சடித்த படிவம் ஒன்று வைத்திருந்தோம், அதைத் தூக்கிப் போட்டுவிட்டோம், படிவத்தை நிரப்புகிறவர்கள் படிவம் மாதிரியே எழுதினார்கள். இப்போது ஒரு உதாரணத்தைக் காட்டுகிறோம். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் மீனவ கிராமத்து நாவல் ஒன்றுக்கு முதலில் இப்படி எழுதிவந்தார்:

“கடலோர மக்களின் வாழ்வியலை உயிரோட்டமாகப் பதிவு செய்யும் இந்நாவல் தமிழுக்குக் கிடைத்த கொடை. ஒவ்வொரு பக்கமும் நம்மை அந்த மண்ணுக்கே அழைத்துச் செல்கிறது. அனைவரும் படிக்க வேண்டிய நூல்.”

தேவனாம்பட்டினத்தில் பிறந்து வளர்ந்த பெண் அவர், படகு பார்க்காதவர் இல்லை. பக்கத்தில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டோம். என்னம்மா நடக்குது கதைல? எங்க கஷ்டமா இருந்துச்சு? உங்க அப்பாவுக்குக் குடுப்பியா? அரை மணி நேரத்தில் அவரே எழுதியது:

“சுனாமிக்குப் பிறகு கடலுக்குப் போக மறுக்கும் மகன், அவனைப் போ என்று சொல்லாத அப்பா. 212 பக்கம். பாதிக்குமேல் பேச்சு, அதுவும் மீனவர் பேச்சு. முதல் முப்பது பக்கம் தடுக்கும், பின்னால் இருக்கும் சொற்பட்டியலைப் பார்த்துக்கொண்டே படித்தால் பழகிவிடும். அப்பா வலையை விற்கும் இடம் நன்றாக வந்திருக்கிறது. கடைசி நாற்பது பக்கம் அவசரம். சாவு விவரமாக வருகிறது. நாவல் படித்துப் பழகியவர்களுக்குக் கொடுக்கலாம், கல்லூரி மாணவர்களுக்கும். என் அப்பாவுக்குக் கொடுக்கமாட்டேன். எழுத்து சிறியது. தையல் இல்லை, பசை பைண்டிங்.”

‘என் அப்பாவுக்குக் கொடுக்கமாட்டேன்’ என்ற வரியை அவர் எடுத்துவிடவா என்று கேட்டார். நாங்கள் விடவில்லை. அந்த ஒரு வரிக்காகவே நான்கு பேர் அந்தப் புத்தகத்தை எடுத்திருப்பார்கள்.

அந்த மதிப்புரையின் கடைசி இரண்டு வாக்கியத்தைக் கவனியுங்கள். இலக்கியப் பத்திரிகையில் யாரும் இதை எழுதமாட்டார்கள், ஆனால் நூலகருக்குப் பசை பைண்டிங் என்றால் பத்து பேர் கைமாறினதும் தாள் உதிரும் என்று அர்த்தம், அறுபது வயதுக்காரருக்கு எழுத்தின் அளவு கதையைவிட முக்கியம். பதிப்பு விவரப் பக்கத்தையும் பாருங்கள்: முதல் பதிப்பா மறுபதிப்பா, எந்த வருடம், ஐஎஸ்பிஎன் இருக்கிறதா. இந்தியப் புத்தகமென்றால் அது 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும். சின்னப் பதிப்பகங்கள் பல எண் வாங்காமலேயே அச்சடிக்கின்றன, எண் இல்லை என்பதற்காகத் தள்ளிவிடாதீர்கள், இல்லை என்று மட்டும் குறியுங்கள். பொது அறிவு, சட்டம், மருத்துவம், போட்டித் தேர்வுப் புத்தகங்களில் வருடம்தான் எல்லாமே. பழைய பாடத்திட்டத்துக்கு எழுதிய கையேட்டை நல்ல நூல் என்று எழுதிவைத்தால் ஒரு பிள்ளையின் ஒரு வருடம் வீண்.

சில வாக்கியங்களுக்கு எங்களிடம் தடை உண்டு. ‘அனைவரும் படிக்க வேண்டிய நூல்’, ‘ஒரே மூச்சில் படித்து முடித்தேன்’, ‘காலத்தின் தேவை’, ‘இன்னும் பல உயரங்களைத் தொட வாழ்த்துகள்’. எழுதினால் ஐந்து ரூபாய் உண்டியலில் போட வேண்டும். போன வருடம் அதில் சேர்ந்த காசில் பஜ்ஜி சாப்பிட்டோம், பாதிக் காசு என்னுடையது.

அணிந்துரையை மதிப்புரை எழுதி முடித்த பிறகு படியுங்கள். முன்னாலேயே படித்தால் பெரியவர் ஒருவர் சொன்ன வார்த்தை நம் வாயில் ஒட்டிக்கொள்ளும். பின்னட்டையும் அப்படியே. படிக்காமல் எழுதுகிறவர்களைக் கண்டுபிடிப்பதும் இந்த இரண்டை வைத்துத்தான், பின்னட்டையில் இருக்கிற கதையே மதிப்புரையிலும் இருக்கும், அதற்குமேல் ஒரு அங்குலம் நகராது. இப்போது செயற்கை நுண்ணறிவு வேறு வந்துவிட்டது. எங்களுக்கு வந்த ஒரு மதிப்புரையில் கதாநாயகியின் தங்கை ரொம்ப உருக்கமாக வந்தாள், நாவலில் தங்கையே கிடையாது. அதைக் கண்டுபிடித்தது நாங்கள் இல்லை, வாசகர் ஒருவர், மானம் போயிற்று. அதிலிருந்து யார் எழுதிக் கொடுத்தாலும் ஒரு கேள்வி கேட்கிறோம், எந்தப் பக்கத்தில் உங்களுக்கு அலுப்புத் தட்டியது? முழுக்கப் படித்தவர் யோசிக்காமல் சொல்லுவார்.

சிறுவர் புத்தகத்துக்கு மட்டும் தனி விதி. பெரியவர் மனதுக்குள் படித்துவிட்டு எழுதக்கூடாது, ஒரு குழந்தைக்குச் சத்தமாகப் படித்துக்காட்ட வேண்டும். எங்கே குழந்தை எழுந்து ஓடியது, எந்தப் படத்தில் விரலை வைத்தது, எந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டது, அதுதான் மதிப்புரை. வயதை ‘6 முதல் 12 வரை’ என்று பதிப்பகம் போட்டிருப்பதை நம்பாதீர்கள், ஆறு வயதுப் பிள்ளைக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் ஒரே புத்தகமா?

பிடிக்காத புத்தகம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வாசலில் ஸ்கூட்டர் நின்றது. நாங்கள் கொஞ்சம் கடுமையாக எழுதிய கவிதைத் தொகுப்பின் ஆசிரியர், பின்னால் அவர் மனைவி. உள்ளே வரச்சொல்லிக் காபி கொடுத்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை, அந்த அம்மாதான் பேசினார்: “புத்தகம் நல்லா இல்லன்னு எழுதினீங்க, சரி. ‘வேலை வெட்டி இல்லாதவர் எழுதியது’ன்னு எதுக்கு எழுதினீங்க? நகையை வெச்சு அடிச்ச புத்தகம்.” என்னிடம் பதில் இல்லை, எழுதியவர் நான் இல்லையென்றாலும் படித்துப் பார்த்து ஓகே சொன்னவன் நான். மன்னிப்புக் கேட்டு, அட்டையை மாற்றி எழுதினோம்.

பின்னால் ஒரு வக்கீல் நண்பர் சொன்னார், சட்டத்திலும் இதுதான் கோடு என்று. அவதூறு பற்றிய பிரிவு இப்போது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 356. அதில் விதிவிலக்குகள் உண்டு. புத்தகத்தை வெளியிட்டவர் அதை மக்களின் தீர்ப்புக்கு வைத்துவிட்டார், அதன் தரத்தைப் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொன்னால் அவதூறாகாது. உதாரணமும் சட்டத்திலேயே கொடுத்திருக்கிறார்கள்: இவர் புத்தகம் அசட்டுத்தனமாக இருக்கிறது, எழுதியவர் பலவீனமான ஆளாக இருக்க வேண்டும் என்றால் தப்பிக்கலாம், ஏனென்றால் அந்தக் கருத்து புத்தகத்திலிருந்து கிளம்புகிறது. இவர் பலவீனமான ஆள், அதனால் புத்தகம் அசட்டுத்தனமாக இருப்பதில் ஆச்சரியமில்லை என்று திருப்பிப் போட்டால் அந்தப் பாதுகாப்புக் கிடையாது. எங்கள் கவிஞர் விஷயத்தில் நாங்கள் இரண்டாவதைத்தான் செய்திருந்தோம்.

மேற்கோளுக்கும் சட்டம் இடம் தருகிறது, 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் மதிப்புரைக்காகவும் விமர்சனத்துக்காகவும் நியாயமான அளவு எடுத்தாளலாம். இத்தனை வரி என்று கணக்கு எதுவும் அதில் இல்லை. நாங்களாக வைத்துக்கொண்டது, உரைநடையில் ஐந்து வரி, கவிதைத் தொகுப்பென்றால் ஒரு கவிதையில் பாதி. பதினாறு பக்கச் சிறுவர் நூலின் எல்லாப் படத்தையும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைப்பது மதிப்புரை ஆகாது.

உண்மையிலேயே தேறாத புத்தகமென்றால் நாங்கள் பெரும்பாலும் அட்டை எழுதுவதில்லை, அனுப்பியவருக்குத் தனியாக நாலு வரி எழுதிப் போட்டுவிடுகிறோம். ஆனால் தப்பான தகவல் இருக்கிற புத்தகம், சர்க்கரை நோய்க்கு மாத்திரையை நிறுத்தச் சொல்லுகிற மாதிரி, கண்டிப்பாக எழுதுகிறோம், எந்தப் பக்கம் என்பதோடு.

ஆட்களும் காசும்

ஐந்து பேர் போதும், பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். இலக்கியம் மட்டும் படிக்கிறவர்களாகச் சேர்க்காதீர்கள், சமையல், விவசாயம், ஆன்மிகம், போட்டித் தேர்வு எல்லாவற்றுக்கும் ஒரு ஆள் வேண்டும், நூலகத்தில் அதிகம் கைமாறுவது அதுதான். எங்கள் குழுவில் நெல்லிக்குப்பம் பக்கத்தில் கரும்பு போடுகிற ஒரு பெரியவர் இருக்கிறார், விவசாயப் புத்தகங்களுக்கு அவர் எழுதுகிற நான்கு வரியில் “இது தண்ணி இருக்கிறவனுக்கு எழுதினது” என்று ஒரு வரி வந்தால் அந்தப் புத்தகத்தின் கதை முடிந்தது.

வாட்ஸ்அப் குரூப் இரண்டு வையுங்கள். ஒன்றில் புத்தகம், தேதி, யாரிடம், வேறு எதுவும் கிடையாது. இன்னொன்றில் குட் மார்னிங் போட்டுக்கொள்ளட்டும்.

செலவு மாதம் ஆயிரத்துக்குள் அடங்கும், ஆளுக்கு நூறு ரூபாய் போட்டுக்கொள்கிறோம். வெளியாரிடம் நன்கொடை வாங்க ஆரம்பித்தால் சங்கமாகப் பதிவு செய்வது நல்லது, தமிழ்நாட்டில் 1975ஆம் வருடத்துச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும், அப்புறம் வருடா வருடம் கணக்கு, கூட்டம், கையெழுத்து. நாங்கள் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை. கணக்கு எழுதுகிறவன் நானே வேண்டாமென்று சொன்னேன்.

மழைக்காலம்

கடற்கரை ஊரில் புத்தகத்துக்கு முதல் எதிரி உப்புக் காற்று, அடுத்தது ராமபாணப் பூச்சி. பீரோவில் சுவரை ஒட்டி அடுக்காமல் ஒரு விரல் இடம் விடுங்கள், பாச்சை உருண்டையைத் துணியில் முடிந்து போடுங்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் புதிதாகப் புத்தகம் வாங்குவதை நிறுத்திவிடுகிறோம், கையில் இருப்பதை மட்டும் முடிப்போம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்து, அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது, ஆற்றோரம் குடியிருந்த எங்கள் நண்பர் ஒருவர் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். ஆறு புத்தகம் நனைந்துபோனது. அவர் குடும்பத்தோடு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது போன் செய்து முதலில் சொன்னது, “உங்க புத்தகமெல்லாம் போச்சுண்ணா” என்பதைத்தான்.

நனைந்த புத்தகத்தை வெயிலில் காயவைக்காதீர்கள், அட்டை முறுக்கிக்கொள்ளும். நிமிர்த்தி நிற்கவைத்து, தாள்களை விசிறி மாதிரி விரித்து, ஃபேன் காற்றில் வையுங்கள், நடுநடுவே டிஷ்யூ பேப்பரோ பழைய செய்தித்தாளோ சொருகி மாற்றிக்கொண்டே இருங்கள். வழவழத் தாளில் படம் அச்சடித்த புத்தகம் ஒட்டிக்கொண்டால் பிரிக்க முயற்சி செய்யாமல் விட்டுவிடுவதுதான். ஆறில் நான்கு தேறியது. இரண்டுக்கு அந்தப் பதிப்பகங்களுக்கு எழுதிச் சொன்னோம். ஒருவர் இன்னொரு பிரதி அனுப்பினார், இன்னொருவர் மதிப்புரை வேண்டாம், நீங்கள் எல்லாரும் பத்திரமா என்று கேட்டார்.

நோட்டில் அந்த இரண்டு வரிக்கும் நேராகக் கடைசிக் கட்டத்தில் ‘ஆறு’ என்று பென்சிலில் எழுதியிருக்கிறேன். பண்ருட்டித் தம்பி நோட்டைப் பார்க்க ஒருநாள் வந்தபோது ஆறு பிரதியா அண்ணா என்று கேட்டார். தென்பெண்ணை ஆறு என்றேன்.